யானைக்கும் ராட்டினத்துக்கும் நடுவில்

செங்கமலத்தின் புருஷன் வீரபத்திரன் கழைக்கூத்தாடி. சீமையில் நடந்த உலகக் கண்காட்சியில் வித்தை காட்டக் கப்பலேறிப் போனவன் திரும்பவில்லை. சொந்தக்காரர்கள் காரியம் செய்து அவள் பொட்டை அழித்ததெல்லாம் பழைய கதை. இந்த மாசியில் ஊருக்கு வந்த டென்ட் கொட்டகையில் அந்தக் கண்காட்சியின் ஊமைப்படத்தை ஓட்டினார்கள். யானைக்குப் பிறகு, ராட்டினத்துக்கு முன்னால், தலைப்பாகையோடு வீரபத்திரன் கூட்டத்தில் நடந்து போனான். மறுநாள் காலை அவள் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம்! தெரு சும்மா இருக்குமா?

"படத்துல நடக்குறவன் வீட்டுக்கு வருவானாடி?" என்றாள் எதிர்வீட்டுப் பாக்கியம்.

"நடக்குறாருல்ல? அது போதும்க்கா."

தினமும் கொட்டகை மணலில் முதல் ஆளாக உட்கார்ந்தது அவள்தான். ஆனால் நைந்த படச்சுருள் அந்த இடத்தில்தான் அடிக்கடி அறுந்தது. அறுந்த இடத்தைக் கொஞ்சம் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவது ஆபரேட்டரின் வழக்கம். ஒவ்வொரு ஒட்டுக்கும் வீரபத்திரனுக்கு நடை குறைந்தது.

"அந்த எடத்துல மட்டும் மெதுவாச் சுத்துங்கய்யா" என்று கெஞ்சினாள்.

"மெதுவாச் சுத்துனா படம் தீப்பிடிச்சிரும், தாயி."

நேற்று யானை போனதும் நேரே ராட்டினம்தான் வந்தது. பெண்கள் எல்லோரும் திரையை விட்டுவிட்டு அவள் நெற்றியையே எட்டிப் பார்த்தார்கள். அவளோ கழுத்தை வளைத்து, ராட்டினத்துக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தாள்.