சப்பாத்தோடு உள்ளே

ஐரோப்பாவை ஒன்றாக்கிய கிறிஸ்தவம் உடம்பில் ஊறியவர்களுக்குத்தான் இனிக் குடியுரிமை என்றது அந்த நாட்டின் புதிய சட்டம். அதிகாரிகள் ஆளைத் தேவாலயத்துக்குள் பத்து நிமிடம் விட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள். பாசையூரிலிருந்து வந்து குடியேறிய எமல்டாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதினான்கு தலைமுறைக் கத்தோலிக்கச்சியிடமா சோதனை?

வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். அந்தோனியார் சிலையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். முழந்தாளிட்டு அழுதாள். இருபது வருடமாகப் பூசைப் பக்கமே போகாத கணவன் ரெஜினோல்ட், கையைக் காற்சட்டைப் பையில் விட்டபடி கூரையைப் பார்த்து, "பன்னிரண்டாம் நூற்றாண்டு" என்று முணுமுணுத்தான்.

அவன் தேறினான், அவள் தேறவில்லை.

"உங்களிடம் இருப்பது பக்தி, அம்மா. நாங்கள் தேடுவது பண்பாடு" என்றார் அதிகாரி, மரியாதையாக. ஒரு மாதத்தில் இன்னொரு தவணை உண்டு. அதிலும் தவறினால் கணவனையும் மகளையும் விட்டு அவள் மட்டும் ஊர் திரும்ப வேண்டும்.

வீட்டில் அந்தோனியார் படத்துக்கு முன்னால் ரெஜினோல்ட் அவளுக்குப் பயிற்சி தொடங்கினான்.

"சப்பாத்தைக் கழட்டாதையப்பா. சாமியைப் பாக்காதை, கூரையைப் பார்."

"கூரையிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

"ஒண்டும் கேக்காதை. அப்பதான் பாஸ்."

தினமும் அப்படியே நின்று பழகினாள். இரண்டாம் தவணையில் மூன்றே நிமிடத்தில் தேறினாள். அதிகாரி கைகுலுக்கி வரவேற்றார்.

அன்று மாலை நன்றி சொல்ல, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டு அந்தோனியார் படத்தின் முன் முழந்தாளிட்டாள். கைகூப்பி நிமிர்ந்து பார்த்தாள். கண் அவர் முகத்தில் நிற்காமல் தாளுக்கும் சட்டத்துக்கும் வழுக்கியது.

"மலிவான அச்சு" என்றாள் கடைசியில். "இருபதாம் நூற்றாண்டு."