வலைக்கு மேலே நீண்ட கை

டென்னிஸ் போட்டியின் முடிவுகளை எழுதும் பலகையில் சேந்தனின் பெயர் இறுதிச்சுற்று வரை ஏறியிருந்தது. ஆயினும் அவன் வென்ற ஆட்டங்களுள் ஒன்றுகூட இறுதிப் புள்ளி வரை நடக்கவில்லை. முதலில் எதிர்த்தவனுக்குக் கணுக்கால் முறிந்தது. அடுத்தவனுக்குத் தோள்மூட்டு விலகிற்று. அரையிறுதியில் ஆடியவன், பந்தை மேலே எறிந்துவிட்டு அண்ணாந்து பார்த்தவாறே சரிந்தான். இன்னும் கண் விழிக்கவில்லை. மூவரும் நாணயம் சுண்டுமுன் சேந்தனோடு சிரித்துக் கை குலுக்கியவர்கள்.

இன்று வலைக்கு அப்பால் நின்றவன் அவனுடைய தம்பி வாகீசன். சேந்தன் வலக்கையை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டான். காலையில் திருநீறு அள்ளியபோதே அந்தக் கை பிறர் கைபோல் குளிர்ந்திருந்தது.

"என்னண்ணா, கைய ஒளிச்சு வெச்சிருக்க? தோத்தா அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன், பயப்படாத" என்று சிரித்தான் தம்பி.

சேந்தன் நடுவரை நோக்கித் திரும்பினான். "சார், நான் ஆடலை. அவன் ஜெயிச்சதாவே எழுதிடுங்க."

"உங்க இஷ்டம்" என்றார் நடுவர். "ஆனா விலகுறவர் எதிராளிக்குக் கை கொடுத்துட்டுத்தான் போகணும். அதுதானே மரியாதை?"

வாகீசனின் சிரிப்பு அணைந்தது. "எனக்குப் பிச்சை போடறியாண்ணா? சரி, போடு. கையக் குடு."

வலைக்கு மேலே நீண்ட தம்பியின் கை மடங்கவில்லை. ஐந்தெழுத்தை முணுமுணுத்தன சேந்தனின் உதடுகள். முதுகுக்குப் பின்னே இடக்கை வலக்கையை இறுகப் பற்றியிருந்தது. அந்தப் பிடியிலிருந்து வலக்கை மெல்ல மெல்ல நழுவுவதை அவன் உணர்ந்தான்.