பயமும் இல்லை, பகையும் இல்லை

வடகொரிய எல்லை வேலியைத் தென்கொரிய ஜெனரல் மின் பத்திரிகைக்காரர்களோடு நெருங்கியதும், அங்கே காவலுக்கு நிறுத்தியிருந்த துப்பாக்கி ரோபோவின் ஒலிபெருக்கி கரகரத்தது.

"நில்லு. இன்னிக்குக் கடவுச்சொல் என்ன?"

மின்னுக்குத் தெரியாது. இருபது வருடமாக அவரிடம் யாரும் கேட்டதில்லை. தோளில் உள்ள நட்சத்திரத்தைப் பார்த்ததுமே காவலர்கள் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிடுவார்கள்.

"நான் ஜெனரல்."

"யாரா இருந்தா என்ன? தெரியலைன்னா குப்புறப் படு. இல்லைன்னா சுடுவேன்."

துப்பாக்கிக் குழல் இம்மியும் அசையவில்லை. அது இன்னும் மிரட்டலாக இருந்தது. பத்திரிகைக்காரர்கள் பார்க்க, ஜெனரல் பனிச்சேற்றில் படுத்தார்.

"மூக்கு மண்ணுல படணும்."

பட்டது. பத்து நிமிடம் கழித்துத்தான், "சரி, எந்திரி" என்றது.

முகத்தைத் துடைத்தபடி மின் பெருமையோடு சொன்னார்: "பாத்தீங்களா? மனுஷனா இருந்தா என்னைப் பாத்து நடுங்கியிருப்பான். இதுக்குப் பயமும் இல்ல, பகையும் இல்ல."

அவர் காவல் அறைக்குள் நுழைந்ததும், அங்கிருந்த சிப்பாய்கள் தே-ஹாவும் இன்-கியூவும் விறைத்து நின்றார்கள்.

"நேத்து உங்க லீவை ரத்து பண்ணினேன்ல? ரெண்டு பேரும் நாளைக்கே ஊருக்குப் போங்க. இனிமே இங்க ஆள் எதுக்கு?"

ஜீப் மறைந்தது.

"உண்மையச் சொல்லிடலாம்டா," என்றான் இன்-கியூ. "பனியில ரோபோ செத்து மூணு நாளாச்சு. நாளைலேருந்து எல்லைய யாரு காப்பா?"

முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த மைக்கை தே-ஹா மேசையில் வைத்தான்.

"போய்ச் சொல்லு. அவரைக் குப்புறப் போட்டது நாமதான்னும் சேத்துச் சொல்லு."

இன்-கியூ பையைக் கட்ட ஆரம்பித்தான்.