பாஸ்போர்ட்டில் தொண்ணூற்றிரண்டு

"பாஸ்போர்ட்டுல தொண்ணூத்தி ரெண்டுன்னு இருக்கேம்மா. தொண்ணூறு தாண்டினா இந்தப் புற்றுநோய் மாத்திரை தர மாட்டோம். இலவசத்துல மிச்சமிருக்கிறதும் ஒரே ஒரு ஆளுக்குத்தான்" என்றார் டாக்டர் நுர்ஜமால்.

"பாஸ்போர்ட் தப்பு டாக்டர். அப்பாவுக்கு எண்பத்து நாலுதான்" என்றாள் பெர்மெத்.

டாக்டர் சிரித்தார். "நாரின் மலைப்பக்கத்துலேருந்து வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

"சத்தியமா டாக்டர்! அப்பாவோட அண்ணன் ஆறு வயசுலயே போயிட்டாரு. அப்புறம் பிறந்த இவருக்கு அதே பேரை வெச்சு, அந்தச் சான்றிதழையே குடுத்துட்டாங்க. பனியில மலை தாண்டிப் போய்ப் புதுசு யாரு வாங்குறது?"

"அப்படியா பெரியவரே?"

கிழவர் சத்திபால்தி இருமி முடித்தார். "எனக்கு அண்ணனே கிடையாது டாக்டர். தொண்ணூத்தி ரெண்டுதான்."

பெர்மெத்துக்கு ஒன்றும் புரியவில்லை. போன வசந்தத்தில்கூட அந்த அண்ணன் கல்லறையில் உட்கார்ந்து குரான் ஓதி அழுத மனுஷன்!

"என்னப்பா உளர்றீங்க? நுரையீரல்ல வந்தது மூளைக்கும் ஏறிடுச்சா?"

"பொய் சொல்லி எனக்கு மருந்து வாங்காதே. எழுந்திரு."

டாக்டர் அவளைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பாசம் இருக்கட்டும்மா. அதுக்காக இல்லாத பெரியப்பாவையெல்லாம் பிறக்க வைக்கலாமா?"

வெளியே வந்ததும் அவமானத்தில் அவள் முகம் எரிந்தது. சட்டென்று நினைவு வந்து செல்போனைத் துழாவினாள். கல்லறையில் எடுத்த படம். கல்லில் தெளிவாக இருந்தது: சத்திபால்தி, 1932–1938.

"இதைக் காட்டினா மறுபேச்சு பேச மாட்டாங்க. இருங்க, வரேன்."

அதற்குள் நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட, ஒருத்தி உள்ளே போனாள். கதவு மூடியது. கிழவர் மகளின் கையை எட்டிப் பிடித்தார்.

"விடுங்கப்பா! உங்களுக்கு வாழவே பிடிக்கலையா?"

"யாருக்கும்மா பிடிக்காது? குதிரை குட்டி போட்டு நாலு நாள்தான் ஆகுது. அது மேய்ச்சலுக்குப் போறதைப் பார்க்க ஆசையாத்தான் இருக்கு."

"பின்னே ஏன்?" அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

கிழவர் மூடிய கதவைப் பார்த்தார்.

"இப்ப உள்ளே போனாளே, அவளுக்கும் இதே நோய், இதே மாத்திரைதானாம். காலையில பெஞ்சுல உட்கார்ந்திருந்தப்போ சொன்னா. வயசு முப்பத்தொண்ணு."