மெஷினில் மினுமினுப்பு

"கிண்ணத்துல வினிகரை ஊத்தி மேல்தட்டுல வச்சு ஓட விட்டா நாத்தம் போயிரும். நான் பாத்துக்கிடுறேன், நீ எந்திரி," என்றான் ஜெபசுந்தர்.

ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து அன்று சீக்கிரமே வந்துவிட்ட அவன் மனைவி ஜெனிட்டா, பாத்திரம் கழுவும் மெஷின் முன்னால் தரையில் உட்கார்ந்து சோடா உப்பைத் தூவிக்கொண்டிருந்தாள்.

"ஃபில்டரைத் தேய்க்காம என்னத்த ஊத்தியும் பிரயோஜனம் இல்ல."

"அதைத் தொடாத."

அதற்குள் கழற்றிவிட்டாள். அதில் அப்பியிருந்த சாம்பல்நிறப் பிசுக்கு அவள் விரலில் மினுமினுத்தது. பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர். அப்பாவின் சட்டையில் அதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள்.

"காலண்டர் பிரஸ்ஸுக்குன்னு சொல்லிட்டு மருந்து வேலைக்கா போறீக?"

அவன் ஃபில்டரை அவள் கையிலிருந்து வாங்கப் பார்த்தான்.

"எங்கப்பாவுக்கு ரெண்டு விரல் போனது பத்தாதா? அவரே இப்ப சர்ச்சுத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு நிம்மதியா இருக்காரு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"தப்புதான். இனிமே போகல," என்றான் அவன், பின்வாசலைப் பார்த்தபடி.

பின்கதவு பாதி திறந்தது. மூன்று விரல்களே உள்ள கை ஒன்று, சாம்பல்நிறத்தில் மினுமினுக்கும் டிபன் பாக்ஸை உள்ளே நீட்டியது.

"மாப்ள, ஜெனிட்டா வாறதுக்குள்ள இதையும் மெஷின்ல போட்டு எடுத்துருங்க."