தொடுவதற்கு முன்

நாலாவதாக வந்தவளும் என் கையைத்தான் பிடித்தாள்.

போர்வைக்குள் இருந்த கையை வெளியே இழுத்து, தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். விரலில் மோதிரம் வேறு. தலையை ஒரு பக்கம் சாய்த்து, "உங்க வலி எனக்குப் புரியுதுக்கா" என்றாள்.

புரிந்து கிழித்தாள்.

இவளுக்கு முன்னால் வந்த மூன்று பேரும் இதே சாய்ப்பு, இதே வசனம். எல்லாரும் ஒரே பயிற்சி வகுப்பில் படித்திருப்பார்கள் போல. கிளிப்பிள்ளை எவ்வளவோ தேவலாம், அது கையைப் பிடிக்காது.

புற்றுநோய் வார்டுக்கு ஒரு நர்ஸ் வேண்டுமாம். வருகிறவளுக்குப் பரிவு இருக்கிறதா என்று நேர்முகத் தேர்விலேயே பார்த்துவிட வேண்டுமாம். அதற்காக என்னைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, பெரிய டாக்டரும் தலைமை நர்ஸும் எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். புற்றுநோய் என்று இப்போதுதான் தெரிந்த மாதிரி நடித்தால் போதும் என்று தலைமை நர்ஸ் சொல்லியிருந்தார்.

எனக்கு எதற்கு நடிப்பு? மாதக்கணக்கில் அந்த வார்டுக்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி மருந்து ஏற்ற வேண்டும். இங்கே தேறுகிறவள்தான் எனக்கு ஊசி குத்தப் போகிறவள். யாரிடம் மாட்டப் போகிறோம் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

மோதிரக்காரி இன்னும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்படியும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சேர்த்து அழுத்தினாள். பெரிய டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். எழுந்து அந்த மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருத்தியாவது கேட்பாளா பார்ப்போம் என்று வீம்பாகப் படுத்திருந்தேன்.

கடைசியாக வந்தவள் சரியான தடுமாற்றக்காரி. கதவுப் பிடியில் பை சிக்கிக்கொண்டது. டாக்டருக்கு வணக்கம் சொல்ல மறந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளும் கையை நீட்டினாள். இவளும் அந்த வகுப்புதானா என்று உள்ளுக்குள் கறுவினேன்.

நீட்டிய கை பாதியில் நின்றது.

"தொடலாமாக்கா?"

வேண்டாம் என்றேன்.

சரி என்று கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முகம் சுளிக்கவும் இல்லை, ஏன் என்று குடையவும் இல்லை. அடுத்த வசனம் மறந்துபோயிருக்க வேண்டும், சும்மா உட்கார்ந்திருந்தாள். நானும் சும்மா படுத்திருந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அவள் வெளியே போனதும் தலைமை நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். "நோயாளியைத் தொடவே கூசுது இந்தப் பொண்ணு. பரிவுக்கு ரெண்டு மார்க்கே அதிகம். அந்த நாலாவது பொண்ணையே எடுத்துக்கலாம் டாக்டர்."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

நான் எழுந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேசைப் பக்கமாக விரித்துக் காட்டினேன்.

போன முறை மருந்து ஏற்றியதிலிருந்து தோல் உரிய ஆரம்பித்தது. இப்போது விரல் நுனியில் சுத்தமாக இல்லை. குழாயைத் திருகினாலே உயிர் போகிறது.

தலைமை நர்ஸ் மார்க் போட்ட தாளைக் கவிழ்த்து வைத்தார்.

பெரிய டாக்டர் பதறிப்போய் எழுந்து வந்தார். அந்த மருந்தை எனக்கு எழுதிக் கொடுத்தவரே அவர்தான். "அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கையை விடுங்க" என்றேன். "விட்டுட்டு, அந்தக் கடைசிப் பொண்ணைக் கூப்பிடுங்க."