இருபத்தோராவது படம்

"இருபதே இருபது. அதோட ஸ்கிரீனைக் கழுவி அச்சை அழிச்சிடச் சொன்னேனா இல்லையா?" அருள்சாமி இரைந்தார்.

"சொன்னீங்க." மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏற்காட்டில் காப்பிச் சாக்குகளுக்கு எஸ்டேட் பெயர் அச்சடிக்கிறவன் மாதப்பன். மெட்ராஸ் ஓவியர் அருள்சாமி போன கோடையில் இங்கே தங்கியபோது, தன் படத்தை இவனிடம்தான் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டார்.

கூலி உயர்வு கேட்ட ஊர்வலத்தில் சுடப்பட்டுக் கிடக்கும் ஒரு பையன். தலைமாட்டில் போலீஸ் பூட்ஸ். பேப்பரில் வந்த போட்டோதான். அதை ரோஸும் மஞ்சளும் ரத்தச் சிவப்புமாக சினிமா போஸ்டர் மாதிரி ஆக்கியிருந்தார். எமர்ஜென்சி முடிந்த சமயம், இப்படிப்பட்ட படங்களுக்கு நல்ல கிராக்கி. இருபதும் பணக்கார வீட்டு சோபாக்களுக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டன.

"இருபதுக்கு மேல கிடையாதுன்னு கையெழுத்துப் போட்டு வித்திருக்கேன். வாங்கினவர் ஒருத்தர் செம்மநத்தம் பக்கம் சுத்தப் போனாராம். அங்க ஒரு குடிசையில அதே படம்! என் மானமே போச்சு. எவ்வளவுக்கு வித்தே?"

"விக்கலைங்க. சும்மா குடுத்தனுங்க."

"ஏழைகளுக்காக வயிறெரிஞ்சு பண்ணின படம்யா அது! அந்தக் குடிசையில இருக்கறதைக் கிழிச்சுப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி. கிளம்பு!"

மாதப்பன் ஜீப்பில் ஏறினான்.

செம்மநத்தத்தில் அந்தக் குடிசைக்காரி பாவாயி வாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அருள்சாமி அவளைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். படத்தைப் பிடுங்கக் கையை நீட்டியவர் அப்படியே நின்றார்.

பூட்ஸ் இல்லை. ரத்தம் இல்லை. அந்த இடங்களைக் காகிதம் வைத்து மறைத்துவிட்டு, முகத்தை மட்டும் அச்சடித்திருந்தான் மாதப்பன். பையன் தூங்குகிற மாதிரி இருந்தது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும்.

பின்னாலேயே வந்த பாவாயி, "யாருங்க?" என்றாள்.

"மெட்ராஸ்காரருங்க, பெரியம்மா. படம் பாக்க வந்தாரு" என்றான் மாதப்பன்.

அருள்சாமி நீட்டிய கையை இறக்கினார். "இது... யாரும்மா?"

"எம் மவனுங்க. உசுரோட இருந்தப்ப ஒரு போட்டோகூடப் புடிச்சு வெக்கலீங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மெட்ராஸ்ல ஒரு ஐயாதான் எனக்குன்னே இதைச் செஞ்சு குடுத்தனுப்புனாருன்னு மாதப்பன் சொல்லுச்சுங்க. அவரைப் பாத்தீங்கன்னா, நான் கும்புட்டன்னு சொல்லுங்க சாமி."